யன்னலைத் திறந்துவிட்டுப் பொரிக்கவும்

வீட்டைச் சூடாக்கும் ஓஃபனைக் கொண்டுவந்த இரண்டு பேரும் அதைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டுப் போகப் பார்த்தார்கள். றொனால்ட் விடவில்லை. அளவுநாடாவை எடுத்துவந்து, பின்சுவரிலிருந்து இவ்வளவு, மரப் படிக்கட்டிலிருந்து இவ்வளவு, முன்பக்கம் ஒன்றுமே இருக்கக் கூடாது என்று பிடித்துக் காட்டினான். நிலத்தில் மரப்பலகை என்பதால் அடியில் இரும்புத் தகடு ஒன்றை முதலே விரித்து வைத்திருந்தான். அவர்களில் வயதானவர் தகட்டைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "புத்தகத்தை வாசித்த முதல் ஆள் நீதான்" என்றார்.

உண்மையில் றொனால்ட் அந்தக் கைநூலை மூன்று தரம் வாசித்திருந்தான். ஹார்புர்க்கில் கட்டடப் பொறியியல் படித்தவன், பாலங்களுக்குப் பாரம் கணக்கிடும் அலுவலகம் ஒன்றில் வேலை. வாசிக்கிற பழக்கம் இருந்தது. ஆனால் கடந்த மார்ச்சிலிருந்து எந்தப் புத்தகமும் இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. இந்தக் கைநூல் மட்டும் ஓடியது. இதைச் செய், இதைச் செய்யாதே என்று அது நேராகச் சொன்னது.

மார்ச்சில் அவனுடைய மனைவி லவினியா செத்துப்போனாள். வேலைத்தலத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் எழும்பவில்லை. மூளையில் இரத்தக்குழாய் வெடித்தது என்று சொன்னார்கள். அவளுக்கு இருபத்தொன்பது வயது, அவனுக்கு முப்பத்தொன்று. மகள் அன்னாவுக்கு நான்கு. செத்தவீட்டன்றே லவினியாவின் அக்கா அன்ரனிற்றா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஹம்பேர்க்குக்குப் போய்விட்டாள். அப்போது அது சரியாகத்தான் இருந்தது. றொனால்டுக்குத் தண்ணீர் குடிக்கவே யாராவது சொல்லவேண்டியிருந்த காலம்.

பிறகு கோடை வந்தது, போனது. அன்னா வரவில்லை. கேட்டால் அன்ரனிற்றா ஒரே பதிலைச் சொன்னாள்.

"உந்தக் குளிர் வீட்டிலயோ? போன வருசமே இருமி இருமிச் செத்தாள் பிள்ளை. வீடு சூடா இருந்தா விடுறன். சத்தியமா விடுறன்."

வீடு குளிர்ந்துதான் கிடந்தது. எல்பே ஆற்றுக்குத் தெற்கே, ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த பழைய வீடு. அவனும் லவினியாவும் வாங்கித் திருத்தத் தொடங்கி, குசினிக்கும் இருக்கிற அறைக்கும் நடுவிலிருந்த சுவரை இடித்து ஒன்றாக்கியதோடு வேலை நின்றுபோனது. இரவு மின்சாரத்தில் சூடாகிற பழைய பெட்டிகள் பகல் மூன்று மணிக்கே ஆறிவிடும். ஜனவரியில் ஊர்ப் பாலர் பாடசாலையில் அன்னாவுக்கு இடம் இருந்தது. அதற்குள் பிள்ளை வந்தாகவேண்டும். வராவிட்டால் ஹம்பேர்க்கில் சேர்த்துவிடுவார்கள். சேர்த்தால் அதோடு சரி. அன்ரனிற்றாவுக்கும் அவள் கணவன் பேனாட்டுக்கும் பிள்ளைகள் இல்லை. யாரும் இதைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

ஆகவே ஓஃபன்.

அது விறகு ஓஃபன் அல்ல. மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சிகளை எரிப்பது. பெலெற் என்பார்கள். மேலே உள்ள தொட்டியில் மூட்டையைக் கொட்டினால், உள்ளே ஒரு திருகுதண்டு சுழன்று கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்துக்குள் தள்ளும். பற்றவைப்பது மின்சாரம். புகையைப் புகைபோக்கிக்குள் தள்ளுவது ஒரு சின்ன விசிறி. எரிவதற்கு வேண்டிய காற்றை மட்டும் அது அறைக்குள்ளிருந்தே எடுத்துக்கொள்ளும்.

பூட்டுவதற்கு முன்னும் பூட்டிய பின்னும் புகைபோக்கிப் பரிசோதகர் வந்து பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும் என்பது சட்டம். அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் ப்ரோக்மன் என்ற உயரமான மனிதர். முதல் நாளே அவர் ஓஃபனுக்கு வைத்த இடத்தைப் பார்க்கவில்லை. குசினிப் பக்கம் போய், அடுப்புக்கு மேலே தொங்கிய புகை உறிஞ்சியைப் பார்த்தார். அதன் பொத்தானை அமர்த்தினார். அது விமானம் கிளம்புகிற மாதிரி இரைந்தது.

"இதை யார் வாங்கியது?"

"என் மனைவி. எங்கள் சமையலுக்குப் பலமானது வேண்டும்."

"ஒரே அறையில் இரண்டு விசிறி. உன் ஓஃபனின் விசிறி குழந்தை, இது குத்துச்சண்டைக்காரன். கதவு, யன்னல் பூட்டியிருந்தால் இது அறைக் காற்றை இழுத்து வெளியே தள்ளும். அந்த இடத்தை நிரப்பக் காற்று எங்கிருந்து வரும்? புகைபோக்கி வழியாக வரும். புகையோடு வரும்."

அதற்கு அவரே வழியும் சொன்னார். குசினி யன்னலில் ஒரு காந்தச் சுவிச் பூட்டவேண்டும். யன்னல் திறந்திருந்தால்தான் உறிஞ்சிக்கு மின்சாரம் போகும். மின்வேலைக்காரர் வந்து சட்டத்தில் ஒரு வெள்ளைத் துண்டும் யன்னல் கதவில் இன்னொரு வெள்ளைத் துண்டுமாகப் பூட்டினார். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தால் உறிஞ்சி ஊமை. ப்ரோக்மன் திரும்ப வந்து அளந்து பார்த்துக் கையெழுத்து வைத்தார். றொனால்ட் தன் பங்குக்கு, நச்சுவாயுவைக் கண்டால் கத்துகிற ஒரு சிறு கருவியையும் வாங்கிச் சுவரில் மாட்டினான்.

நவம்பர் முழுக்க அவன் ஓஃபனோடு வாழ்ந்தான். காலையில் ஆறிய கிண்ணத்தை எடுத்து, அடியில் உள்ள துளைகளில் இறுகிய கட்டியைச் சுரண்டுவான். துளை அடைத்தால் காற்று வராது, காற்று வராவிட்டால் குச்சிகள் எரியாமல் புகையும். சாம்பலை மூடியுள்ள தகர வாளியில் போட்டு வெளியே கல்லின்மேல் வைப்பான். ஆறிவிட்டது என்று நினைத்த சாம்பலுக்குள் மறுநாளும் தணல் இருக்கும் என்று கைநூல் சொன்னது. ஒருநாள் கிளறிப் பார்த்தான், இருந்தது. கதவின் நார்ப்பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு கடுதாசித் துண்டைக் கதவிடுக்கில் வைத்துப் பூட்டி இழுத்துப் பார்ப்பான். உருவி வந்தால் பட்டை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். வரவில்லை. எரியும்போது மின்சாரத்தை ஒருபோதும் பிடுங்குவதில்லை. அணைக்கச் சொன்னால் அது தானே எரிந்து முடித்து, விசிறியைச் சுற்றி, ஆறி, பிறகுதான் நிற்கும். அதுவரை அவனும் பக்கத்தில் கதிரையில் இருப்பான். வேறு வேலையும் இல்லை.

டிசம்பர் முதல் சனிக்கிழமை அன்ரனிற்றாவும் பேனாட்டும் அன்னாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டு நாள் நின்று பார்ப்பது என்று ஏற்பாடு. பிள்ளை இருமாவிட்டால் விட்டுவிட்டுப் போவது.

உள்ளே வந்ததும் அன்ரனிற்றா கோட்டைக் கழற்றினாள். அந்த வீட்டில் அவள் கோட்டைக் கழற்றியது அதுதான் முதல் தடவை.

"சூடாத்தான் கிடக்கு" என்றாள், ஏதோ குற்றம் கண்டுபிடித்த மாதிரி. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். "என்ன தம்பி இது, கோழித்தீன் மாதிரிக் கிடக்கு?"

"மரத்தூள், அக்கா."

"ஐசே, இதைத் திண்டிட்டோ உது இவ்வளவு சூடு தருது?" என்று பேனாட் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தான். துறைமுகக் கிடங்கில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். எந்த இயந்திரத்தைக் கண்டாலும் மூடியைக் கழற்றிப் பார்க்காவிட்டால் அவனுக்குக் கை அரிக்கும். "மேல்மூடியைக் கழட்டினா அந்தத் தண்டு தெரியுமோ?"

"எரியேக்க கழட்டக் கூடாது அண்ணை."

"இஞ்சருங்கோ, கையைப் பொத்திக்கொண்டு இருங்கோ" என்றாள் அன்ரனிற்றா. "எங்கட வோஷிங் மெஷினைத் திருத்தப்போய் கீழ்வீட்டுக்காரன் குடையோட நிண்டது மறந்துபோச்சே?"

அன்னா தகட்டுக்கு இப்பால் கம்பளத்தில் குந்தியிருந்து நெருப்பைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் குச்சிகள் விழ, சுவாலை துள்ளியது.

"அப்பா, ஃபொயர் சாப்பிடுது."

"ஓம். சாப்பிடுது."

அவன் அவளுடைய தலையில் கையை வைத்தான். எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று தெரியாமல் எடுத்துக்கொண்டான்.

மத்தியானத்துக்கு அன்ரனிற்றா சமைக்கத் தொடங்கினாள். ஹம்பேர்க் தமிழ்க்கடையிலிருந்து எல்லாம் கொண்டுவந்திருந்தாள். கருவாடு, செத்தல் மிளகாய், புட்டுமா. புகை உறிஞ்சியின் பொத்தானை அமர்த்தினாள். அது அசையவில்லை.

"தம்பி, ஃபான் பழுதாப்போச்சோ?"

"யன்னலைத் துறந்தாத்தான் வேலை செய்யும் அக்கா."

"இந்தக் குளிருக்கை யன்னலைத் துறந்துபோட்டுக் கருவாடு பொரிக்கிறதோ? நல்ல கதை."

"அப்பிடித்தான் செய்யவேணும்."

அவ்வளவுதான் சொன்னான். ஏன் என்று சொல்லவில்லை. மார்ச்சுக்குப் பிறகு அவன் பேச்சு எல்லாம் ஒரு வரியோடு முடிந்துவிடும், அடுத்த வரிக்கு ஆள் இருக்காது. தொட்டியில் பெலெற் குறைந்திருந்தது. மூட்டை எடுத்துவரப் பின்வளவில் இருந்த கொட்டிலுக்குப் போனான்.

கொட்டிலில் அடிமூட்டை ஒன்று ஈரம் பட்டிருந்தது. ஈரம் பட்ட பெலெற் ஊதி உதிர்ந்து தூளாகிவிடும், திருகுதண்டை இறுக்கிவிடும். மூட்டையை வெட்டி, நல்லதையும் கெட்டதையும் பிரிக்கத் தொடங்கினான். கைக்கு ஒரு வேலை கிடைத்தால் அவன் அதற்குள் போய்விடுவான். குளிரில் விரல் விறைத்தது தெரியவில்லை.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து கருவி கத்துவது கேட்டது. கூரான, விட்டுவிட்டு வரும் சத்தம். அவன் நிமிர்ந்தான். காலை எடுத்து வைப்பதற்குள் சத்தம் நின்றது.

நின்றதுதான் அவனைத் துரத்தியது. அந்தக் கருவி தானாக நிற்காது. காற்று சுத்தமாகவேண்டும், இல்லாவிட்டால் யாராவது நிறுத்தவேண்டும். இவ்வளவு சீக்கிரம் காற்று சுத்தமாகாது.

கதவைத் தள்ளிக்கொண்டு போனான். குசினி யன்னல் சாத்தியிருந்தது. புகை உறிஞ்சி முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. ஓஃபனின் கண்ணாடி கறுத்திருந்தது. உள்ளே சுவாலை துள்ளவில்லை, நீண்டு, மங்கி, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. பேனாட் கதிரைமேல் ஏறி நின்றான். ஒரு கையில் கருவி, மறுகையில் அதன் பற்றறி.

"கருவாட்டு மணத்துக்குக் கத்துது ஐசே. எங்கட வீட்டிலயும் உப்பிடித்தான், மிளகாய் போட்ட உடன—"

அன்னா கம்பளத்தில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள்.

"வெளியில!" என்று றொனால்ட் கத்தினான். "எல்லாரும் வெளியில போங்கோ! அக்கா, அடுப்பை விடுங்கோ, வெளியில!"

அந்தக் குரலை அவர்கள் அதற்கு முன் கேட்டதில்லை. அன்ரனிற்றா கரண்டியோடு அப்படியே நடந்தாள். றொனால்ட் போகிற போக்கில் உறிஞ்சியையும் அடுப்பையும் நிறுத்தினான், தோட்டக் கதவை விரியத் திறந்தான், பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். ஓஃபனின் மின்சாரத்தைப் பிடுங்கவில்லை. அந்தப் பதற்றத்திலும் அதன் விசிறி சுற்றவேண்டும் என்பது அவனுக்கு நினைவிருந்தது.

குளிர்காற்றில் அன்னா முழித்தாள். "அப்பா, தலை நோகுது" என்றாள்.

அவன் கைத்தொலைபேசியில் தீயணைப்புக்கு அடித்தான்.

ஊர்த் தீயணைப்புத் தொண்டர்கள் வந்தார்கள். முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போய் அளந்தார்கள், எல்லா யன்னல்களையும் திறந்தார்கள். ஓஃபனை அணைத்து ஆறவிட்டார்கள். புகைபோக்கிப் பரிசோதகர் பார்க்கும்வரை கொளுத்தக் கூடாது என்று சொன்னார்கள். அன்னாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் எடுத்தார்கள். கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆபத்து இல்லை, ஒக்சிஜன் வைத்துவிட்டுப் பின்னேரம் விடுகிறோம் என்றார் டொக்டர். அவள் முகத்தில் முகமூடியோடு கட்டிலில் இருந்து தாதியின் பேனையால் பொம்மை கீறினாள்.

வெளியே நடைபாதையில் மூன்று பேரும் நின்றார்கள். அன்ரனிற்றாவின் சட்டையில் எண்ணெய் தெறித்த பொட்டுகள் இருந்தன. அவள்மேல் இன்னும் கருவாடு மணத்தது.

"நான் இவளை இனி அங்க விடமாட்டன்" என்றாள். "நீர் கோவிச்சாலும் சரி, வழக்குப் போட்டாலும் சரி. பிள்ளையைக் கொல்லுற மெஷினைக் கொண்டந்து நடு வீட்டில வைச்சிருக்கிறீர்."

"விடவேண்டாம். இண்டைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றான் றொனால்ட்.

அவள் சண்டைக்கு ஆயத்தமாக வந்தவள். எதிர்ப்பக்கம் ஆள் இல்லாமல் தடுமாறினாள்.

அவன் பேனாட்டைப் பார்த்தான். "அண்ணை, யன்னல் கதவில இருந்த வெள்ளைத் துண்டு எங்கை?"

பேனாட் சட்டைப் பையைத் தடவினான். துண்டும் இரண்டு திருகாணிகளும் உள்ளங்கையில் வந்தன.

"கழட்டினனான். அது இல்லாட்டி யன்னல் துறந்திருக்கெண்டு நினைக்கும் தானே... ஃபான் உடன வேலை செய்துது." அவன் குரல் இறங்கிப்போனது. "ரெண்டு ஸ்குறூ. நான் பூட்டிவிடலாமெண்டு..."

றொனால்ட் சொல்லத் தொடங்கினான். ஓஃபன் எங்கிருந்து காற்றை எடுக்கிறது, உறிஞ்சி எங்கே தள்ளுகிறது, யன்னலைச் சாத்தினால் புகைபோக்கி எப்படித் தலைகீழாகிறது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, அதனால்தான் கருவி. அது கருவாட்டுக்குக் கத்துகிற கருவி அல்ல. கையால் காற்றில் கீறிக் காட்டினான். மார்ச்சுக்குப் பிறகு அவன் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை. பேசி முடிந்தபோது மூச்சு வாங்கியது.

அன்ரனிற்றா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஆத்திரத்தில் அவள் கண் நிறைந்தது.

"உதை நீர் காலமையே சொல்லியிருக்கலாமெல்லே! 'யன்னலைத் துறவுங்கோ அக்கா'. அவ்வளவுதான். ஏனெண்டு ஒரு சொல்லு? நான் என்ன, ஊமையோட குடும்பம் நடத்துறனோ? இவர் கழட்டினது பிழை, ஓம். நான் கழட்டச் சொன்னது பிழை, ஓம். ஆனா நீர் வாயைத் துறந்திருந்தா நான் அந்த யன்னலை உடைச்சாவது துறந்திருப்பன்."

அவனுக்கு அது சரி என்று பட்டது.

"இவ்வளவு பிடிவாதமா ஏன் சாத்தினனான் தெரியுமே?" அவள் குரல் தணிந்தது. "லவி சொன்னவள். பக்கத்து வீட்டு மனுசி உடுப்புக் காயப்போடேக்க கூப்பிட்டுச் சொல்லிச்சுதாம், உங்கட சாப்பாட்டு மணம் என்ர தலகாணி உறை வரைக்கும் வருகுது எண்டு. சிரிச்சுச் சிரிச்சுத்தான் சொல்லிச்சுதாம். அதுக்குப் பிறகு லவி யன்னலே துறக்கிறேல்லை. பொரிக்கேக்க சாத்திப்போட்டுத்தான் பொரிப்பாள். பிறகு கறுவாப்பட்டையைத் தண்ணியில போட்டு அவிப்பாள், மணம் போகட்டுமெண்டு. அந்தப் பெரிய ஃபானை அதுக்குத்தான் வேண்டினவள். உமக்குத் தெரியாதோ?"

அவனுக்குத் தெரியாது. மாலையில் வேலையால் வரும்போது வீடு கறுவா மணத்தோடு இருக்கும். அது அவளுக்குப் பிடித்த மணம் என்று நினைத்திருந்தான். ஒருநாள் அவளுக்குக் கறுவா மணக்கிற மெழுகுதிரிகூட வாங்கிக் கொடுத்தான். அவள் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

"எனக்குச் சொல்லேல்லை" என்றான்.

"சொன்னா நீர் போய்ச் சண்டை பிடிப்பீர் எண்டு சொல்லேல்லை."

"நான் சண்டை பிடிக்கமாட்டன்."

"அது அவளுக்குத் தெரியாதே" என்றாள் அன்ரனிற்றா. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பின்னேரம் அவர்கள் அன்னாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை றொனால்ட் ப்ரோக்மனுக்குத் தொலைபேசியில் அடித்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். ஒளிப்பதற்கு இடம் இருந்தது. துண்டைத் திரும்பப் பூட்டிவிட்டு, கிண்ணம் அடைத்துப் புகைந்தது என்று சொல்லியிருக்கலாம். ப்ரோக்மனும் சும்மா விடமாட்டார் என்பது தெரியும். அவர் மறுத்தால் ஓஃபன் வெறும் இரும்பு. வீடு குளிரும், ஜனவரி வரும், பிள்ளை ஹம்பேர்க்கில் பள்ளிக்குப் போவாள். தெரிந்துகொண்டுதான் சொன்னான். பொய்யான கையெழுத்துக்குக் கீழே அன்னாவைப் படுக்கவைக்க அவனால் ஏலாது.

மறுமுனையில் ப்ரோக்மன் சொன்னார்: "வியாழன் வருகிறேன். அளவு பிழைத்தால் பூட்டி முத்திரை வைப்பேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன்."

இடைப்பட்ட நாட்களில் அவன் கோட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தான்.

வியாழன் காலையில் மணி அடித்தது. திறந்தால் அன்ரனிற்றா நின்றாள். ஹொட்டேல் சலவைப் பகுதியில் லீவு எடுத்துக்கொண்டு, ரயிலும் பஸ்ஸும் மாறி வந்திருந்தாள்.

"பேனாட் அவளைப் பாக்கிறார். நானும் இருந்து பாக்கவேணும், அந்த ஆள் என்ன சொல்லுறார் எண்டு."

அவள் காலணியைக் கழற்றுவதற்குள் திரும்பவும் மணி. இந்தத் தடவை அவள்தான் திறந்தாள். திறந்தவள் இரண்டு எட்டுப் பின்வாங்கி, தலையைக் குனிந்து, "வாங்கோ சுவாமி" என்றாள். பிறகு தோளில் தொங்கிய கம்பிச் சுருளையும் தூரிகையையும் கண்டு நாக்கைக் கடித்தாள். கழுத்துவரை கறுப்பு உடுப்பு, பொன் நிறப் பொத்தான்கள். ப்ரோக்மன் அவளுக்குக் கை கொடுத்தார். கையில் கரி இருந்தது.

"பாதர் எண்டு நினைச்சன்" என்று அவள் றொனால்டிடம் குசுகுசுத்தாள். "நல்ல காலம், ஆசீர்வாதம் கேக்கேல்லை."

ப்ரோக்மன் எதையும் அவசரப்படுத்தவில்லை. ஓஃபனைத் திறந்து கிண்ணத்தைப் பார்த்தார், நார்ப்பட்டையைப் பார்த்தார், குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் விரலை ஓட்டினார். கொளுத்தச் சொன்னார். நன்றாக எரிந்ததும், யன்னல் துண்டு கழன்றே கிடக்க, யன்னலைச் சாத்திவிட்டு உறிஞ்சியைப் போட்டார். தோட்டக் கதவின் பிடியில் ஒரு கையை வைத்துக்கொண்டே இதைச் செய்தார். குழாயில் செருகிய, இழுவையை அளக்கும் கருவியின் எண் இறங்கியது. ஓஃபன் கதவோரம் ஒரு புகைக்குச்சியைப் பிடித்தார். அதன் புகை ஓஃபனை விட்டு விலகி, நீட்டாக, குசினியை நோக்கிப் போனது. உடனே எல்லாவற்றையும் திறந்து காற்றோட்டம் விட்டார். பிறகு யன்னலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு அதையே செய்தார். உறிஞ்சி அதே மாதிரித்தான் இரைந்தது. எண் அசையவில்லை. புகை நேராக மேலே போனது.

அன்ரனிற்றா இரண்டையும் பார்த்தாள். தனக்குத் தெரிந்த ஜேர்மனில் கேட்டாள்: "யன்னல் திறந்து. எப்போதும். அப்போது குழந்தை தூங்கலாம்?"

"தூங்கலாம்."

"நீங்கள் உங்கள் குழந்தையை வைப்பீர்களா?"

ப்ரோக்மன் யோசித்தார். கேள்வியை அவர் தட்டிக் கழிக்கவில்லை. "யன்னல் திறந்திருந்தால், சுவரில் உள்ள கருவிக்குப் பற்றறி இருந்தால், வைப்பேன். என் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கிறது. என் மனைவிக்கும் யன்னல் திறக்கப் பிடிக்காது."

வெள்ளைத் துண்டைத் தன் கையாலேயே பூட்டினார், இந்தத் தடவை சாதாரணமாகக் கழற்ற முடியாத திருகாணிகளால். உறிஞ்சியை அறைக்குள்ளேயே வடிகட்டுகிற வகையாக மாற்றவும் வழி உண்டு, ஆனால் உங்கள் சமையலுக்கு அந்தக் கரி வடிகட்டி ஒரு மாதம் தாங்காது என்றார். கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் அன்ரனிற்றா குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். சனிக்கிழமை பொரிக்காமல் விட்ட கருவாடு இருந்தது. கோட்டைப் போட்டாள், சால்வையைச் சுற்றினாள், குசினி யன்னலை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள். எண்ணெய் காய்ந்தது. கருவாடு விழுந்ததும் சீறியது. மணம் எழுந்து, உறிஞ்சிக்குள் பாதியும் யன்னலால் பாதியுமாக, வேலியைத் தாண்டிப் போனது.

பக்கத்து வீட்டில் ஒரு யன்னல் படார் என்று சாத்தும் சத்தம் கேட்டது.

றொனால்ட் நிமிர்ந்து அன்ரனிற்றாவைப் பார்த்தான். அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

"சாத்தட்டும்" என்றாள். "அவவுக்கும் யன்னல் இருக்குத் தானே."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதி வழியில் வேறு எதுவாகவோ மாறப் பார்த்தது. செத்தல் மிளகாயை எடுக்கிற சாட்டில் திரும்பிக்கொண்டான். அவள் அவன் பக்கம் பார்க்காமல் பொரித்துக்கொண்டிருந்தாள்.

ஓஃபனுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டுச் சாப்பிட்டார்கள். அவள் புட்டைப் பிசைந்தாள், உண்ணவில்லை.

"சனிக்கிழமை கூட்டியாறன்" என்றாள் கடைசியில். "இந்தமுறை விட்டிட்டுப் போறன்."

"நன்றி அக்கா" என்று மட்டும் சொன்னான். பிறகு, அது போதாது என்று பட்டதால், "ஒவ்வொரு சனி ஞாயிறும் உங்களட்டை வரட்டும். இல்லாட்டி நீங்கள் வாங்கோ. அவளுக்கு வேணும். எனக்கும் வேணும்" என்றான்.

அவள் தலையாட்டினாள். கையைக் கழுவிவிட்டு வந்து, புது வேலைக்காரனுக்கு விளக்குகிற மாதிரிச் சொல்லத் தொடங்கினாள். பாலில் சீனி போட்டால்தான் அன்னா குடிப்பாள், ஆனால் போடுவதை அவள் பார்க்கக் கூடாது. சீப்பால் தலை இழுக்கும்போது நுனியிலிருந்து தொடங்கவேண்டும், அடியிலிருந்து இழுத்தால் ஊரைக் கூட்டுவாள். காலையில் எழுப்பினால் அரைமணி நேரம் யாரோடும் கதைக்கமாட்டாள், வற்புறுத்தக் கூடாது. "உம்மை மாதிரித்தான்" என்றாள். படுக்கப் போகும்போது ஒரு கதவு கொஞ்சம் திறந்திருக்கவேண்டும். காய்ச்சல் வந்தால் முதலில் காதைப் பார்க்கவேண்டும்.

அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். இடையில் ஒரு கேள்வி மட்டும் கேட்டான்: பால் எவ்வளவு சூடாக இருக்கவேண்டும்? அவள் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"அம்மா எங்கையெண்டு கேட்டா என்ன சொல்லுவீர்?"

ஓஃபனுக்குள் குச்சிகள் விழுந்தன.

"என்ன சொல்லவேணும்?"

"நான் உம்மைத்தான் கேக்கிறன்."

"செத்துப்போனா எண்டு சொல்லுவன்" என்றான்.

அந்தச் சொல்லை அவன் அதுவரை வாயால் சொன்னதில்லை. 'போயிட்டா', 'இல்லை' என்றெல்லாம் சொல்லியிருக்கிறான்.

"ஓம். அப்பிடித்தான் சொல்லவேணும்" என்றாள் அன்ரனிற்றா. "அவளுக்குத் தெரியும். நாங்கள் சொல்லிப்போட்டம். ஆனா, 'அப்பா அதைச் சொல்லேல்லை' எண்டு ஒவ்வொரு முறையும் திரும்பிக் கேக்கிறாள்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவள் எழும்பிச் சால்வையைத் தேடினாள். றொனால்ட் அவளோடு தரிப்பிடம்வரை நடந்து போனான்.